சாவி

கானாடுகாத்தானில் நான் பெருக்குகிற வீட்டுக்குப்
பதினோரு பங்காளிகள்.
பதினோரு பூட்டு.
கோலாலம்பூரில் ஒரு சாவி, அடையாற்றில் ஒன்று,
வழக்கில் இரண்டு.
திறக்கச் சொன்ன அறைகளை மாதம் ஒரு தரம் திறந்து
காற்றை உள்ளே விட்டுப் பூட்டுவேன்.
முற்றம் யார் பங்கிலும் இல்லை,
அதில் முளைக்கிற புல் என் சம்பளத்திலும் இல்லை.
பிடுங்குவேன்தான்.

என்னையும் அப்படித்தான் பிரித்து வைத்திருந்தார்கள்.
முழங்கால் காரைக்குடிக்கு,
கர்ப்பப்பை மதுரைக்கு,
தைராய்டு தேவகோட்டை லேபுக்கு,
கண் மட்டும் இலவச முகாமில்
கல்யாண மண்டபத்து மேடைக்கு.
அவரவர் அறையைத் திறந்து பார்த்து
இங்கே ஒன்றுமில்லை என்று பூட்டினார்கள்.
ஜவுளிக்கடைப் பை நிறையக் காகிதம்.
சாயங்காலமானால் சுவரைப் பிடித்துக்கொண்டு
நடந்தது நான் ஒருத்திதான்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டர்
பெயர் தேனம்மை.
பையை வாங்கி மேசைக்கடியில் வைத்தாள்.
"இதை அப்புறம் பார்ப்போம், பூமயில்.
கண் முழிச்சதிலேர்ந்து சொல்லுங்க."

நாலரைக்கு முழிப்பேன்.
வாசல், பால், மாமியாருக்கு வெந்நீர்,
பிள்ளைகளுக்கு இரண்டு டப்பா.
உங்களுக்கு?
வேலை முடிந்து வந்து, மூன்றரைக்கு.
யாரோடு சாப்பிடுவீர்கள்?
சிரிப்பு வந்துவிட்டது. டிவியோடு என்றேன்.
தூக்கம்?
வேர்த்து எழுந்து உட்கார்ந்து
குழுக் கடன் தவணையைக் கணக்குப் போடுவேன்.
மாதவிலக்கு?
மூன்று மாதம் வராது, வந்தால் பத்து நாள் போகாது,
என் கொழுந்தன் மாதிரி.
தண்ணீர்?
குடிக்க மாட்டேன்.
ஏன்?

அதற்குத்தான் வாய் வரவில்லை.
வெளியே பதினெட்டாம் டோக்கன் இருமியது.

அந்த வீட்டில் தேக்குத் தூண் எண்பத்திரண்டு.
துடைக்கிறவள் சொல்கிறேன், எண்ணிக்கை சரி.
கக்கூஸ் மூன்று.
மூன்றும் யாரோ ஒருவர் பங்குக்குள்.
எட்டு வருஷமாய்க்
காலை ஏழிலிருந்து மூன்று வரை அடக்கி வைக்கிறேன்.
எரியும். காய்ச்சல் வரும்.
மாத்திரை வாங்குவேன். போகும். வரும்.

கையைப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன்.
அதெல்லாம் செய்யவில்லை.
கீழ் இமையை இழுத்துப் பார்த்து
ரத்தம் எட்டுக்குக் கீழே என்றாள்.
சோதித்தால் ஏழே முக்கால்.

இரண்டாம் கட்டு ஒழுகினால்
மூன்றாம் கட்டுச் சுவர்தான் பொரியும்.
எனக்குத் தெரியாததா?
பொரிந்த இடத்திலேயே பூசிப் பூசிவிட்டுக்
கூலி வாங்கிப் போன கொத்தனார்கள் எத்தனை பேர்!
ஒருத்தன் ஓட்டின்மேல் ஏறவில்லை.

சீட்டில் எழுதினாள்:
இரும்புச் சத்து மாத்திரை, டீயோடு கூடாது.
சிறுநீர்ப் பரிசோதனை.
மறுபடி ஸ்கேன், ரிப்போர்ட் என்னிடமே வரவேண்டும்.
காலையில் மூன்றாவது டப்பா ஒன்று.
கடைசியில், அடிக்கோடிட்டு:
கக்கூஸ் சாவி.

மருந்து தருகிறவர்
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"கடைசி ஐட்டம் இங்க ஸ்டாக் இல்லம்மா."

பின்கட்டுக் கக்கூஸ் கோலாலம்பூர் ஆச்சி பங்கு.
வாட்ஸ்அப்பில் பேசி மூன்று தரம் அழித்து
நாலாம் தரம் அனுப்பினேன்.
இரண்டு நீல டிக்.
இரண்டு நாள்.
மூன்றாம் நாள் முற்றத்துப் புல்லைப் பிடுங்காமல்
படம் பிடித்து அனுப்பினேன். ஒன்றும் சொல்லவில்லை.
சாயங்காலம் பதில்:
"சாவி கணக்குப்பிள்ளையிடம் இருக்கு, வாங்கிக்கோ."

கணக்குப்பிள்ளை வீடு எதிர் வரிசையில்.
எட்டு வருஷமாய் அவர் மேசை டிராயரில்
ரப்பர் பேண்டுகளுக்கு நடுவே
துருகூட ஏறாமல் கிடந்தது.

முழங்கால் இன்னும் வலிக்கிறது.
தவணைக்காரி திங்கட்கிழமை வருவாள்.
இன்று பத்து மணிக்கு முற்றத்துக் குழாயில்
சொம்பு நிறையப் பிடித்து
அண்ணாந்து
கழுத்தெல்லாம் வழியக் குடித்தேன்.