எந்த மீனின் வாய்

எக்கோ அறையில் குளிர்ந்த பசை.
திரையில் கறுப்பும் சாம்பலுமாய் என் நெஞ்சு,
கலங்கல் நாளில் கண்ணாடி வழியே தெரியும்
பார்த்தரை போல.
"மீன் வாய் மாதிரி சுருங்கியிருக்கும்மா" என்றார் டாக்டர்.
எந்த மீன் என்று கேட்டேன்.
மதுரைக்காரர். விழித்தார்.
ஊளிக்கு வாய் கன்னம் வரை கிழியும்.
காரல் வாயை நீட்டும், மடக்கும்.
கிளாத்திக்குப் பொத்தான் துளைதான், அதற்குள்ளும் பல்.
"கிளாத்தி" என்று நானே சொல்லி முடித்தேன்.
அவர் எழுதியது: மைட்ரல் வால்வு, புள்ளி எட்டு.
நாலு இருக்க வேண்டிய இடம்.

முதலில் கண்டுபிடித்தது கடல்.
முங்கினால் நாற்பது எண்ணுவேன்.
தையில் இருபது.
பங்குனியில் பன்னிரண்டு;
மரிக்கொழுந்துப் பாசி விரலில் பட்டும்
பிய்த்தெடுக்க மூச்சில்லை.
வயசாகுதுடி என்றாள் பிரகாசி.
எனக்கு முப்பத்தாறு. அவளுக்கு ஐம்பத்தொன்று.

ஒன்பது வயதில் ஒரு தொண்டை நோவு.
பிறகு முட்டி வீங்கியது. அது வற்ற, கணுக்கால்.
பாம்பனில் இறங்கி
ஊசி போட ஒருநாள் கூலி போகும் என்று
எண்ணெய் தேய்த்தார்கள்.
காய்ச்சல் போய்விட்டது என்றுதான் நினைத்தோம்.
இருபத்தேழு வருடம்
வாடகை தராமல் உள்ளே இருந்திருக்கிறது.

வால்வு என்றால் என்னவென்று
மீன்கூடு பின்னத் தெரிந்தவளுக்கு விளக்க வேண்டாம்.
கூட்டின் வாய் உள்ளே விடும், திரும்ப விடாது.
ரத்தமும் மேலறையிலிருந்து கீழறைக்கு ஒரே வழி.
என் கூட்டின் வாயில் கொட்டலசு ஏறிவிட்டது.
போக வேண்டியது போகாமல்
நுரையீரலில் நிற்கிறது வெள்ளம்.
மல்லாந்தால் மூக்கு வரை.
மூன்று தலையணை; போதாத ராத்திரியில் சுவர்.
பலூன் விட்டுத் திறக்கலாமா என்று பார்த்தார்கள்.
சுண்ணாம்பு கெட்டி. மாற்றத்தான் வேண்டும்.

இனி என் முறை, நான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம்.
உலோகம்: தேயாது,
ஆனால் ரத்தம் உறையாதிருக்கத் தினம் ஒரு மாத்திரை,
மாதமொரு சோதனை, ஆயுசுக்கும்.
திசு: மாத்திரை கொஞ்ச நாள்தான்,
பத்துப் பதினைந்து வருடத்தில் மறுபடி நெஞ்சைப் பிளக்க.
கையை நீட்டிக் காட்டினேன்.
துணி சுற்றியும் பார் கிழித்த கோடுகள்,
வாரத்துக்கு இரண்டு புதுசு.
"இந்தக் கைக்கு எது?"
டாக்டர் அன்று முதல்முறையாகப் பேனாவை மூடினார்.

இருதயத்துக்குப் போனவளிடம் வாயைத் திற என்றார்கள்.
சொத்தைப் பல்லிலிருந்து கிருமி
புது வால்வுக்குக் குடியேறுமாம்.
கடைவாய் இரண்டைப் பிடுங்கினார்கள்.
காப்பீட்டு அட்டையில் என் பெயர் நம்புராணி,
ஆதாரில் நம்புராசி;
ஒரு காலெழுத்துக்காக
ராமநாதபுரத்துக்கு மூன்று தடவை பஸ்.
நாலு பாட்டில் ரத்தத்துக்குக் கருமலையான்
தன் படகாட்களைக் கூட்டி வந்தான்.
திருக்கை முள்ளைக் கையால் பிடுங்குகிற ஆள் ஒருத்தன்
ஊசியைப் பார்த்துச் சரிந்தான்.
மூன்றே பாட்டில். நாலாவது
பெயர் சொல்லாத காலேஜ் பையன்.

மூச்சுப் பயிற்சிக்கு
மூன்று உருண்டை போட்ட பிளாஸ்டிக் டப்பா தந்தார்கள்.
உறிஞ்ச உறிஞ்ச உருண்டை ஏறும்.
இரண்டு ஏறுகிறது. மூன்றாவது
தரையில் கிடந்து நடுங்குகிறது.
பாசி பறிக்கும் நாளில்
கரையில் உட்கார்ந்து அதைத்தான் ஊதிப் பார்க்கிறேன்.
ஊதாதே, இழு என்கிறாள் பிரகாசி.
அவளுக்கு நர்ஸ் சொன்னதெல்லாம் மனப்பாடம்.

என் அலுமினியத் தட்டுகளைக் காலில் கட்டிக்கொண்டே கேட்டாள்:
உலோகம் வைத்தால் டிக் டிக்கென்று கேட்குமாமே,
தண்ணிக்குள்ளயும் கேட்குமா?

கேட்கும் என்றேன். தண்ணிக்குள் சத்தம் தூரம் போகும்.
நீ பாருக்கு அந்தப் பக்கம் முங்கினாலும்
நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியும்.

இன்னும் முடிவு சொல்லவில்லை டாக்டரிடம்.
செவ்வாய்க்கிழமை படுக்கை.
பையில் முன்பக்கம் திறக்கிற நைட்டி, டம்ளர்,
உருண்டை டப்பா.