நானூறு மரம்

களியலில் செருப்புக்கடை மாடி.
சன்னலில் வெள்ளறடை பஸ்ஸின்
மலையாள போர்டு வந்து வந்து போகும்.
டம்ளரை எடுங்க, வையுங்க, என்கிறாள் பினிதா.
எடுத்தேன். வைத்தேன்.
இருபது தரம்.

முழங்கை மடங்காது. தோள்தான் தூக்கும்,
கூடவே இடுப்பும் எழும்பும்,
துருப்பிடித்த கதவுபோல்
மொத்தமாய்த் திரும்புவேன்.
விரலில் அவள் கட்டிவிட்ட சாக்பீஸ்
பக்கத்துப் பலகையில் இழுத்தது
இருபது தரத்துக்கும் ஒரே கோடு.
பாத்தியா பிள்ள, நூல் பிடிச்ச மாதிரி, என்றேன்
கோணிய வாயால்.

அவள் சிரிக்கவில்லை.
"அதாக்கும் சத்தியநேசன் அண்ணா, சூக்கேடு."

அன்று ராத்திரி உறக்கமில்லை.
இருபத்தாறு வருடம் பால்வெட்டு.
நெற்றியில் லைட்டு, வெளுப்புக்கு முன் மூன்று மணி,
பத்துகாணிச் சரிவில் நானூறு மரம்.
ஒன்று குனியச் சொல்லும்,
ஒன்றுக்கு எம்பணும்,
ஒன்றின் பட்டையில் முடிச்சு,
இன்னொன்றின் மூட்டில் கட்டெறும்பு,
காலை மாற்றி மாற்றி வைத்தே வெட்டணும்.
சீவல் மட்டும் எங்கேயும் ஒரே கனம்.
கொஞ்சம் உள்ளே போனால் மரத்துக்குக் காயம்,
முதலாளிக்கு வாய் திறக்கும்.
வெட்டு ஒன்று, வழி நானூறு.
எந்த வழி என்று
கையிடம் நான் கேட்டதில்லை,
அதுவும் சொன்னதில்லை.

மறுநாள் முதல் டம்ளர் ஓரிடத்தில் இல்லை.
நாற்காலிக்கு அடியில்,
காதுக்குப் பின்னால்,
பாதி தண்ணீரோடு,
பிறகு, கண்ணை மூடுங்க.
தட்டிவிட்டேன். சட்டை நனைந்தது.
கெட்ட வார்த்தை ஒன்று வந்தது, அதுவும் குழறி.
"கொள்ளாம்" என்றாள் பினிதா,
பலகையைப் பார்த்து.
கோழி கிளறின முற்றம்போல் கோடுகள்.

இருநூறு ரூபா குடுத்து
நேரா இருந்த கையக் கோணலாக்குதியளா
என்று கேட்டாள் ஸ்டெல்லாபாய்.
எனக்குப் பதில் தெரியவில்லை.
ஆனால் அந்த வாரம்
சட்டைப் பொத்தானை
இரண்டு விதமாய்ப் போட்டேன்.

ஐந்தாம் மாதம், மழை விட்டு
பட்டை காய்ந்த ஒரு காலை.
கத்தியோடு முதல் மரம்.
மூன்றிடத்தில் ஆழம் போயிற்று.
பால் சால் விட்டு வழிந்து
சிரட்டையைத் தாண்டி மண்ணில் சொட்டியது.
நடுவில் மட்டும், நாலு விரல்கடை,
சீவல் சுருண்டு விழுந்தது.
எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். மெலிசு.

எப்படி வெட்டினேன் என்று
அப்போதும் தெரியவில்லை.
அடுத்த மரத்துக்கு நடந்தேன்.
அது மேட்டில்,
இடப்பக்கம் சாய்ந்து நிற்கும்.