கட்டுக்கம்பி

முதலில் பல் துலக்கும்போது சிவந்தது.
சொஹார் தண்ணீரின் உப்பு என்றேன்.
பிறகு கெண்டைக்காலில்
மயிர்க்கால் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு சிவப்புப் புள்ளி,
கம்பி நடுமுன்
இடைவெளி அளந்து மார்க் பண்ணியதுபோல.

ஒன்பதாம் நம்பர் தூணுக்கு வளையம் கட்டிக்கொண்டிருந்த காலையில்
இடது தோளில் இருந்த வடு
வாய் திறந்தது.

யாரும் தொடவில்லை. எதுவும் படவில்லை.
வியர்வை என்று துடைத்தேன்.
கையைப் பார்த்த மொக்லேஸ்தான்
கொறட்டைப் பிடுங்கிக்கொண்டு என்னைக் கீழே இறக்கினான்.

பதினாலு வருஷத்து வடு.
போர்வெல் மோட்டார் யாருக்கு என்ற பேச்சில்
என் அண்ணன் ஞானதிரவியம்
மண்வெட்டியால் போட்டது.
ஏழு தையல்.
தையல் பிரித்த வாரமே விசாவுக்குப் பணம் கட்டினேன்.
ஆறிவிட்டது என்றுதான்
ஒவ்வொரு மெடிக்கலிலும் சட்டையைக் கழற்றிக் காட்டினேன்.

கம்பெனி கிளினிக்கில் சூடான்காரர்.
ஈறைப் பார்த்தார், காலைப் பார்த்தார்,
என்ன சாப்பிடுகிறாய் என்றார்.
குபூஸ்.
அப்புறம்?
டீ.
அப்புறம்?
பருப்பு. வெள்ளிக்கிழமை முட்டை.
மெஸ்ஸை விட்டு எட்டு மாசம்.
மிச்சம் பிடித்த ரியால்
மெர்சிலின் நர்சிங் காலேஜுக்குப் போகிறது.
எலுமிச்சை ஊறுகாய் உண்டு டாக்டர் என்றேன்,
கெட்டிக்காரன்போல.
சிரித்தார்.
பாட்டிலில் உப்போடு கிடந்து கிடந்து
புளிப்பு நிற்கும்,
சரக்கு போயிருக்கும்.

எங்கள் இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத இந்தியில்,
மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினார்:
மூன்று இழை, ஒன்றையொன்று சுற்றி.
தோல் இது. ஈறு இது.
எலும்புக்குள் ஓடும் கம்பியும் இதுதான்.
இதற்கு உன் பாஷையில் பேர் உண்டா?
முப்புரி, என்றேன்.
புரி பிரியாமலிருக்க அங்கங்கே முடிச்சு வேண்டும்.
முடிச்சுப் போடும் கொறட்டின் மூக்கில்
ஒரே ஓர் இரும்பு அணு.
சில முடிச்சுக்கு ஒருதரம் அது துருப்பிடிக்கும்.
வைட்டமின் சி வந்து
துருவைத் துடைத்துத் துடைத்துத்
தானே தீர்ந்துபோகும்.

அது புரிந்தது.
என் பிழைப்பே அதுதானே,
கம்பிமேல் கம்பி, கட்டுக்கம்பி, கொறடு, ஒரு முறுக்கு.
கட்டாமல் விட்டது
கான்கிரீட் ஊற்றும்போது நகர்ந்துவிடும்.

வடுதான் புரியவில்லை.
அது முடிந்த வேலை இல்லையா டாக்டர்?

முடிவதில்லை, என்றார் பேனாவை மூடிக்கொண்டே.
வடுவை உடம்பு
நாளும் பிரிக்கிறது, நாளும் கட்டுகிறது.
கட்டுகிற ஆள் வராத நாளிலும்
பிரிக்கிற ஆள் வேலைக்கு வந்துவிடுவான்.

சாயங்காலம் கேம்ப் வேலியோரம்
ஆடுகள் அட்டைப்பெட்டி தின்றுகொண்டிருந்தன.
அவற்றுக்கு ஈறு கசியாது.
ஆட்டின் ஈரலுக்குள்ளேயே சி செய்கிற பட்டறை உண்டாம்.
நமக்கும் இருந்ததாம்,
மனுஷனாகும் முன்பே மூடிவிட்டதாம்.
யார் மூடியது என்று கேட்க விட்டுப்போயிற்று.

பஸ் போகிற வழியில்
தோட்டச் சுவரைத் தாண்டி
எலுமிச்சை தொங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.
நான் கண்ணை மூடி
ஓவர்டைம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாத்திரை ஒரு பக்கம்.
இருநூறு பைசாவுக்கு மொக்லேஸ் வாங்கி வந்த பழம் ஒரு பக்கம்.
பருப்பை அடுப்பிலிருந்து இறக்கி, ஆறவிட்டு,
அப்புறம்தான் பிழிய வேண்டும்;
கொதியில் பிழிந்தால் பாதி வீண்.
நாலாம் நாள் எச்சில் வெள்ளையாக விழுந்தது.
மூன்றாம் வாரம் வடு
உதட்டைச் சேர்த்துக்கொண்டது.

அண்ணன் வெள்ளிதோறும் அனுப்புவான்:
சாப்பிட்டியா?
மூன்று வருஷமாய்
இரண்டு நீல டிக்தான் என் பதில்.
இந்த வெள்ளி
சாறு ஒட்டிய கட்டைவிரலால்
சாப்பிட்டேன் என்று அடித்தேன்.
திரை பிசுபிசுத்தது.

உடனே கேட்டான்,
என்ன சாப்பிட்டே?

அதற்கு
நாளைக்குப் பதில் போட வேண்டும்.