நான்காவது துளை

பாகப்பிரிவினை அரைமணி நேரத்தில் முடிந்தது.
பாத்திரங்கள் அவனுக்கு, மெத்தை எனக்கு.
பூனை யாரையும் கேட்காமல்
மாடிவீட்டு விஸ்மாவிடம் போய்விட்டது.
கடைசியில் கூடத்து நடுவே நின்றது
பெட்டிபோல மடிந்த இந்தச் சாய்பலகை.
பதினேழு கிலோ.
பாதிப் பணம் அவனுடையது, பாதி என்னுடையது.
அறுத்தால் இருவருக்குமே ஆகாது.

அதனால் ஒரு வாரம் ரைட்டிஸுக்கு, ஒரு வாரம் எனக்கு.
ஞாயிறு இரவு ஒன்பது மணி,
வல்மியெராவை விட்டு வெளியேறும் சாலையில் பெட்ரோல் பங்க்,
டயருக்குக் காற்றடிக்கும் மூலை.
அவன் டிக்கியிலிருந்து என் டிக்கிக்கு.
"மழையில் நனைஞ்சுதா?"
"துடைச்சிட்டேன்."
பிள்ளையைக் கைமாற்றுகிறவர்கள்கூட
இதைவிட நாலு வார்த்தை கூடப் பேசுவார்கள்.

விரிக்கத் தொடங்கினால்
பிறந்த கன்றுபோல் ஒவ்வொரு காலாக ஊன்றும்.
அப்புறம் முதுகு. அப்புறம் வானத்தைப் பார்த்து
மெல்ல வளையும் உதடு.
எட்டு ஊசிகள் செருக வேண்டும்.
ஒன்று தொலைந்து இரண்டு வருடம்;
அந்த இடத்தில் என் ஸ்க்ரூடிரைவர்.

உயரத்துக்கு நான்கு துளைகள்.
முதலாவது சிறுவர்களுக்கு.
இரண்டாவது எனக்கு.
மூன்றாவது அவனுக்கு.
நான்காவது
விளம்பரப் படத்தில் மட்டும் பறந்த
முகம் தெரியாத எவனோ ஒருவனுக்கு.

அவன் மூன்றில் விட்டுத் தருவான்.
நான் இரண்டுக்கு இறக்குவேன்.
பலகையின் மேல்
அவன் பிஎம்எக்ஸின் ஒல்லித் தடம்,
என் மலைச் சைக்கிளின் தடித்த தடம்,
ஒன்றின் மேல் ஒன்று.
மழைதான் அதையும் பிரித்து வைக்கும்.

ஜூலையின் அந்த ஞாயிறு
இடது கையால் மட்டும் தூக்கினான்.
வலது சட்டைக்கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்கியது.
நான் கேட்கவில்லை.
கேட்கும் உரிமை யார் பங்கில் போனது என்று
நாங்கள் எழுதி வைக்கவில்லை.

புதன்கிழமை, வேலை முடிந்து,
கௌயா ஆற்றோரப் பைன் காட்டு மணல்பாதையில் விரித்தேன்.
ஊசி நான்காவது துளையில் இருந்தது.
உதட்டு ஓரத்தில் ஒரு சாண் நீளக் கீறல்,
அவன் சைக்கிளின் பச்சைப் பெயின்ட்.

ஓ.

இறக்கியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.
ஊசியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது, விட்டுவிட்டேன்.

முதல் ஓட்டத்தில் பலகையின் அடியிலேயே பிரேக் பிடித்தேன்.
இரண்டாவதில் அதன் பக்கவாட்டில் போய்,
அப்படிப் போகத்தான் வந்தவள்போல நடித்தேன்.
மூன்றாவதில்
சக்கரத்தின் அடியிலிருந்த சத்தம் நின்றது.

அவ்வளவுதான் தெரியும்.
இரவு பத்தாகப் போகிற வெயில்
மரங்களின் இடுப்பில் இருந்தது,
நான் அதற்குக் கொஞ்சம் மேலே.
சங்கிலி ஒருமுறை தளர்ந்து தட்டியது.
பிறகு பூமி, வாங்கிய கடன் கேட்பதுபோல,
பின்சக்கரத்தில் தொடங்கி முதுகெலும்பு வரை.
நிற்க முடியாமல் நேராக
கறுநாவல் போன்ற காட்டுப் பழப் புதருக்குள் போய் விழுந்தேன்.

வாளியோடு பழம் பறித்துக்கொண்டிருந்த பையன்
பாராட்டவும் இல்லை, பதறவும் இல்லை.
"அக்கா, உங்க ஸ்க்ரூடிரைவர் விழுந்துடுச்சு" என்றான்.

அடுத்த ஞாயிறு.
ரைட்டிஸின் கையில் இப்போது வெளிப்படையாகக் கட்டு.
என் கணுக்காலிலிருந்து முட்டி வரை நீலக்கறை.
பலகையை வாங்கும்போது
துளையைப் பார்த்தான். காலைப் பார்த்தான்.
"நனைஞ்சுதா?" என்றான்.
"இல்லை" என்றேன்.
இருவரும் சிரிக்காமலிருக்கக் கொஞ்சம் பாடுபட்டோம்.
சட்டைப்பையிலிருந்து எட்டாவது ஊசியை எடுத்துச் செருகி,
எங்கே கிடைத்தது என்று சொல்லாமல்
ஸ்க்ரூடிரைவரை என்னிடம் நீட்டினான்.

பங்க் வாசலின் வேகத்தடையை
வேகம் குறைக்காமலே கடந்தேன்.
காலி டிக்கியில்
ஸ்க்ரூடிரைவர் ஒருமுறை எழும்பி விழுந்தது.