பத்துக் கிராம் ஈயம்

இடதுக்குத் திருப்பினால் வழுக்குகிறது.
வலதுக்கு என்றால் தண்டவாளத்தில் போவதுபோல.
மூன்று ஞாயிறாக இதே கதை.
நாரஹேன்பிட்டிக் கார்ப் பார்க்கில்
முஃப்லிஹ் என்னை முந்துவது
எப்போதும் அந்த ஒரே இடது வளைவில்தான்.
முந்திவிட்டு, ஓடும் காரிலிருந்து கண்ணெடுக்காமல்
"சொறி மச்சான்" என்பான்.

வெள்ளவத்தை, கடற்பக்க ஒழுங்கை, மூன்றாம் மாடி.
அலுமாரிக் கண்ணாடியைக் கழற்றிச்
சாப்பாட்டு மேசையில் போட்டு
அதன்மேல் நாலு சின்னத் தராசு,
தராசுக்கு ஒரு சில்லாக
பத்தில் ஒரு பங்கு ரேஸ் கார்.
மூக்கு குசினிப் பக்கம். இடப்பக்கம் கடல்.

பெரிங்குகளைப் பெற்றோலில் ஊறப்போட்டேன்
(வரிசையில் நின்ற காலத்து மிச்சம், ஜாம் போத்தலில்).
கடற்காற்றுக்கு இரும்பு என்றால் பட்டர்க் கேக்.
ஷொக்குகளில் கடைசிக் குமிழி வெளியேறும்வரை
தண்டை மெல்ல ஏற்றி, மெல்ல இறக்கி.
முன்சில்லுக்கு ஒன்றரைப் பாகை சாய்வு,
பின்சில்லுக்கு இரண்டு,
அடித்தட்டு நிலத்திலிருந்து ஐந்தரை மில்லிமீற்றர்.

தராசு மட்டும் இடப்பக்கம் பாரம் என்று
முதல் மாதமே சொன்னது.
வலப்பக்கத்தில் ஈயம் ஒட்டினேன்,
ஐந்து கிராம். பிறகு இன்னும் ஐந்து.
இடமும் வலமும் ஒத்துப்போயின,
காலி ரயில் போகும் நேரம் தவிர.
அப்போது வீடு நடுங்கும், இலக்கங்கள் துடிக்கும்,
நான் கையை எடுத்து, மூச்சைப் பிடித்து,
கடைசிப் பெட்டி போகும்வரை நிற்பேன்.
"எனக்கு டெங்கு வந்தபோதும்
இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை"
என்பாள் சுகிர்தா.

வெள்ளி இரவு டிஃபரன்ஷியலைத் திறந்தேன்.
உள்ளே பன்னிரண்டு குண்டுகள், கடுகிலும் கொஞ்சம் பெரிது.
ஒன்று கைதவறியது.
விழுந்த இடத்தில் நிற்கவில்லை;
வழி தெரிந்த ஆளைப்போல
அவசரமில்லாமல் உருண்டு
அலுமாரிக்குக் கீழே போனது.

டோர்ச்சோடு குப்புறப் படுத்தேன்.
கடற்பக்கச் சுவர் மூலையில் ஒரு சின்னச் சந்தை:
போன வருடத்துக் குண்டுகள் ஏழு,
தொலைந்ததென்று மறுபடி வாங்கிய கிளிப்புகள்,
ஒரு பனடோல்,
சிவப்புக்கல் தோடு ஒன்று.

உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.
சுகிர்தா கனநேரம் பார்த்தாள்.
சித்திரையில் வந்து நின்ற தங்கை வதனி
போனபிறகு காணாமல் போன தோடு.
அவள் நேராக எதுவும் கேட்கவில்லை.
தீபாவளிக்கு வரச்சொல்லவும் இல்லை.

நான், வெட்கம் கெட்டவன்,
அந்த நேரத்திலும் யோசித்தது வேறு:
எல்லாம் ஏன் ஒரே மூலைக்கு?
போனின் நீர்மட்டத்தைக் கண்ணாடிமேல் வைத்தேன்.
ஒரு பாகை. கடலை நோக்கி.

காரில் பிழையில்லை.
சாய்ந்த வீட்டில் நின்று நான் சரிபார்த்த பாரம்
நேரான நிலத்தில் பிழைத்திருக்கிறது.

மின்சாரப் பில்லை மடித்து, தண்ணீர்ப் பில்லை மடித்து,
போதாமல் பாங்கு தந்த கலண்டரையும் மடித்து
கண்ணாடியின் கடற்பக்க ஓரத்துக்கு முட்டுக்கொடுத்தேன்.
குமிழி நடுவுக்கு வந்தது.
பிளேட்டால் ஈயத்தைக் கிளப்பினேன்;
பசை நூலாய் இழுபட்டது.

அறைக்குள்ளே சுகிர்தாவின் குரல்:
"வதனி, நித்திரையோ?
இல்லை, ஒன்றுமில்லை. சும்மாதான்."
பிறகு சத்தமேயில்லை.
பிறகு, "உனக்கு ஒன்று சொல்லவேணும்."

ரயில் ஏதும் வரவில்லை.
ஆனாலும் காரிலிருந்து கையை எடுத்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு, அந்த இடது வளைவில்
முஃப்லிஹ்ஹால் என்னை முந்த முடியவில்லை,
ஏழு சுற்றுக்கு.
எட்டாவதில் சேர்வோவின் பல் உடைந்து
நேரே போய் டயர்ச் சுவரில் ஏறினேன்.
அவன் சொறி சொல்லவில்லை.
ஓட்டம் முடிந்ததும் தன் பெட்டியைத் திறந்து
"இருபத்தைந்து பல்லா, இருபத்துமூன்றா?" என்றான்.