முப்பத்திரண்டு டிகிரி

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
சாஸ்கட்டூனில் பஸ்கள்கூட இருமித்தான் கிளம்புகின்றன.
டிப்போவிலிருந்து வந்த ஓரெஸ்ட்
பூட்ஸைக் கழற்றாமல் கண்ணாடிப் பெட்டியிடம் போகிறான்.
சூட்டுப் பக்கம் முப்பத்திரண்டு,
குளிர்ப் பக்கம் இருபத்துநாலு.
வாய்விட்டுப் படிக்கிறான்.
சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்பது அதற்கப்புறம்.

போன வருஷம் சென்சார் நழுவித்
தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தது.
இன்னும் குளிர்தான் என்று நம்பிய தெர்மோஸ்டாட்
அடியிலிருந்த சூட்டுப்பாயைக் காய்ச்சிக்கொண்டே இருந்தது.
பாம்பின் வயிற்றில் சட்டைப் பட்டன் அளவு தழும்பு.
அன்றிலிருந்து எண்ணைப் படித்த பிறகும்
உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறான்.

நேற்றிரவு இரண்டரைக்குக் கரண்ட் போயிற்று.
இருட்டில் போர்வை நகர்ந்தது.
தலையணை உறையில் அதைப் போட்டு முடிச்சிட்டுப்
பனியனுக்குள் செருகிக்கொண்டு வந்து படுத்தான்.
"கொஞ்சம் இந்தப் பக்கம் வா, ஹலினா.
ஒருத்தன் சூடு போதாது."

எனக்குப் பாம்பென்றால் குலைநடுக்கம்.
நாலு மணிவரை சுவரோரம் விறைத்துக் கிடந்தேன்.
அப்புறம் எந்த நடுக்கம் எதனாலென்று தெரியவில்லை.
நகர்ந்தேன்.

துணிக்குள் ஒரு முறை புரண்டது,
என் விலாப் பக்கமாக.
யாருடைய சூடென்று அது பார்க்கவில்லை.

காலையில் பிரிட்ஜ் முனகத் தொடங்கியது.
மூவரில் யாரும்
முதலில் எழவில்லை.