முதல் விநாடி

காலை ஏழரைக்கு எந்திரம் என்னைத்தான் முதலில் கேட்கும்.
மூன்று லிட்டர் சிரிஞ்சால் அதைச் சரிபார்த்த பின்
நானும் ஒருமுறை ஊதியாக வேண்டும்.
மற்ற மூச்சுகளை நம்ப
நோயில்லாத ஒரு மூச்சு வேண்டுமாம் அதற்கு.
ஐந்து வருஷமாக அந்த மூச்சு நான்.
இரண்டு புள்ளி எட்டு. நேற்றும். முந்தாநாளும்.
வீட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

பிறகு அவர்கள் வருவார்கள்
பெயரை வாசலில் விட்டுவிட்டு, எண்களாக.
மூக்கில் கிளிப். உதட்டில் அட்டைக்குழல்.
நல்லா இழுங்க, இன்னும், இன்னும்,
இப்போ ஊதுங்க, விடாம, விடாம, விடாம!
தியுப், தியுப், லாகி, லாகி!
சுய், சுய், சுய்!
நான்கு மொழியில் கத்துகிறவள் என்று
பக்கத்து இதயப் பிரிவில் எனக்குப் பெயர்.

ஆறு விநாடி ஊத வேண்டும்.
முதல் விநாடியில் எவ்வளவு வெளியே வருகிறது
என்பதுதான் கேள்வி.
மிச்ச ஐந்தும் சாட்சிக்கு.

நூற்றுப் பதினேழு,
துவாஸ் கப்பல் பட்டறையில்
முப்பத்தோரு வருஷம் மணல் பீச்சித் துரு எடுத்தவர்.
வீரபாகு.
எண்ணை மட்டும்தான் எழுதுகிறேன்,
பெயர் தானாக நின்றுவிடுகிறது.
சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்று
படிவத்தில் மூன்று இடத்தில் சொன்னார்.
வேலையில் முகத்துக்கு என்ன கட்டுவீர்கள் என்ற கேள்விக்கு
ஒரே சொல்: துண்டு.

ஊதினார்.
திரையில் கோடு
மதியத்துப் பூனைபோல் எழுந்து, பார்த்து,
திரும்பப் படுத்துக்கொண்டது.
நூற்றில் நாற்பத்தொன்பது வெளியே வந்தது.
மற்றதெல்லாம் உள்ளே
கதவு தேடிக்கொண்டிருந்தது.

கழுத்தில் மாட்ட ஒரு கருவி கொடுத்தனுப்பினோம்.
தீப்பெட்டி அளவு. நிமிஷத்துக்கு ஒருமுறை காற்றை எண்ணும்.
இரண்டு வாரம், தூங்கும்போது தலைமாட்டில்.

அது செப்டம்பர்.
கடலுக்கு அப்பால் எங்கோ கரிமண் எரிய,
உட்லண்ட்ஸ் பாலத்தின் அந்த முனையில்
ஜொகூர் இல்லாமல் போனது.
என் பத்தாம் மாடியிலிருந்து
எதிர் புளோக்கின் எண் தெரியவில்லை.
சாப்பாட்டுக்கடையில் கோப்பி வாங்க நின்றவர்கள்
முகக்கவசத்துக்குள்ளிருந்தே
பிஎஸ்ஐ எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார்கள்,
பந்தாட்ட ஸ்கோர் கேட்பதுபோல்.

கருவி திரும்பி வந்தது. கோப்பைத் திறந்தேன்.
பதினான்கு நாளும் சுத்தமான காற்று.
தீவே இருமிய வாரத்தில்
நூற்றுப் பதினேழுக்கு மட்டும் மூன்று மைக்ரோகிராம்.
டாக்டர் குவா மென்பொருளைச் சந்தேகப்பட்டார்.
நான் போன் செய்தேன்.

"மாட்டிக்கிட்டுத்தானேம்மா இருந்தேன்.
குளிக்கிறப்பகூட கொக்கியில, பக்கத்துலயே."
பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு:
"தூசி படக்கூடாதுன்னு
பிளாஸ்டிக் பையில போட்டு
ரப்பர் பேண்ட் சுத்தி வச்சிருந்தேன்.
ஆஸ்பத்திரிப் பொருளாச்சே."

நான் சிரிக்கவில்லை.
கொஞ்சம் சிரித்தேன், வாயைப் பொத்திக்கொண்டு.
பரவாயில்லை ஐயா, என்றேன்.
"திரும்பத் தருவீங்களா? இந்தத் தடவை
பை இல்லாம போட்டுக்கிறேன்" என்றார்.
நிதி அடுத்த மாதம் முடிகிறது என்று
நான் சொல்லவில்லை.

அன்று மாலை அவர் வரிசையில்
இருபதாயிரத்து நூற்று அறுபது கட்டங்களை அழித்தேன்.
தகவல் இல்லை, தகவல் இல்லை, தகவல் இல்லை.
ஒரு விசையை அழுத்தினால் போதும்,
எந்திரமே அடிவரை நிரப்பிவிடுகிறது.

மறுநாள் காலை ஏழரை.
சிரிஞ்சு மூன்று லிட்டர் தள்ளியது,
எந்திரம் மூன்று லிட்டர் என்றது.
நான் ஊதினேன்.
இரண்டு புள்ளி ஐந்து.
குழலை மாற்றினேன். சிரிஞ்சை மறுபடி தள்ளினேன்.
மூன்றுக்கு மூன்று.
யாரும் கத்தாத அறையில்
எனக்கு நானே கத்தி ஊதினேன்,
விடாம, விடாம, விடாம.
இரண்டு புள்ளி ஐந்து.

கதவுக்கு வெளியே இருமல்.
இன்றைய முதல் எண் வந்துவிட்டது.
பதிவேட்டில் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது.
எந்திரம் சரி, என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.